தண்டவாளம் போனது, தகராறு வந்தது

ஆக்கிரமிப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு ஓலைக் குடிசை, மாட்டுத்தொழுவம், டீக்கடை, அதையொட்டி ஒரு பிள்ளையார் கோயில், இவைதான் கண்ணுக்குள் வரும். தென்னக ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. ஆக வேலை பார்த்து ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வரும்? தண்டவாளத்தையும் அதன் இருபுறத்து நிலத்தையும் காக்கிற இன்ஸ்பெக்டர் வேலை அது. ரயில்வே எல்லைக்கல்லைப் பிடுங்கித் துணி துவைக்கப் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். படகுத்துறையும் புல்தரையும் பூந்தொட்டி வைத்த படிக்கட்டுமாக ரயில்வே நிலத்தை வளைத்துப் போட்டவர்களை அமெரிக்கா வந்த பிறகுதான் பார்த்தேன்.

வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே, சம்மாமிஷ் என்று ஒரு நீளமான ஏரி. அதன் கிழக்குக் கரைக்கு மேலே இருக்கும் மேட்டில் என் மகள் குடும்பம் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம்மவர்கள் இந்தப் பக்கம் நிறைய. என்னைப் போல் பேரப்பிள்ளை பார்க்க வந்த பெரியவர்கள் காலையில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக இறங்கி நடக்கிற இடம், ஏரியோரமாகப் போகும் ஒரு தார்ப்பாதை. வடக்கே ரெட்மண்டில் தொடங்கித் தெற்கே இசக்குவாவில் முடிகிறது. 11 மைல், நம் கணக்கில் சுமார் 18 கிலோமீட்டர். காரோ மோட்டார் சைக்கிளோ கிடையாது. நடப்பவர்கள், ஓடுபவர்கள், சைக்கிள்காரர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள், அவ்வளவுதான்.

இறங்கி நின்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "இது ரயில் போன பாதைம்மா" என்றேன்.

"போர்டைப் படிச்சீங்களா அப்பா?" என்றாள் மகள்.

போர்டு எதற்கு? சாலை மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், பாறை வந்தால் ஒடித்துத் திரும்பும். ரயிலால் அது முடியாது. நீராவி எஞ்சின் காலத்தில் 100 அடி போனால் ஓர் அடி ஏற்றம் என்பதே பெரிய ஏற்றம். 2 அடி என்றால் டிரைவருக்கு வேர்த்துவிடும். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தில் மண்கரை போட்டு, ஓடைக்குக் கல்வெர்ட் கட்டி, எங்கும் ஒரே மட்டமாகக் கொண்டுபோவார்கள். வளைவும் அப்படித்தான், வளைகிறோம் என்றே தெரியாமல் வளையும். 130 வருடத்துக்கு முன்னால் எஞ்சினுக்காகச் செய்த சமதளம் இன்று சக்கர நாற்காலிக்கும், மூட்டுவலிக்காரனான எனக்கும், மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் என் பேரனுக்கும் ஒத்துப்போகிறது. பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கும் யோசனைக்கு உலகம் முழுக்கக் கிராக்கி வந்ததற்கு முதல் காரணம் இதுதான். இன்னொரு காரணமும் உண்டு. ஊருக்கு நடுவே பல மைல் நீளத்துக்கு அறுபடாத ஒரு துண்டு நிலம் இன்றைக்கு யாருக்குக் கிடைக்கும்? புதிதாக வாங்கப் போனால் ஆயிரம் பேரிடம் பேரம் பேச வேண்டும். ஆயிரத்தில் ஒருவர் முடியாது என்றாலும் கதை முடிந்தது.

இந்தப் பாதையைப் போட்ட கம்பெனியின் கதை ரோஷத்தில் தொடங்குகிறது. நார்தர்ன் பசிபிக் என்ற பெரிய ரயில் கம்பெனி 1873-இல் தன் கடைசி ஸ்டேஷனைச் சியாட்டிலுக்குக் கொடுக்காமல் பக்கத்து டகோமாவுக்குக் கொடுத்துவிட்டது. நாமே போட்டுக்கொள்வோம் என்று சியாட்டில்காரர்கள் கிளம்பினார்கள். 1885-இல் தாமஸ் பர்க், டேனியல் கில்மன் என்ற இருவர் முன்நின்று சியாட்டில், லேக் ஷோர் அண்ட் ஈஸ்டர்ன் ரயில்வேயைத் தொடங்கினார்கள். நிலக்கரியும் மரமும் ஏற்றிவர ஏரிக்கரையோடு தண்டவாளம் போட்டார்கள். இசக்குவாவுக்கே ஒரு காலத்தில் கில்மன் என்றுதான் பெயர். அங்கே அந்தக் காலத்து ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. மியூசியமாக வைத்திருக்கிறார்கள், டிக்கெட் கவுண்டர் ஜன்னலை நான் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

நிலம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் சுவாரசியம். 1887-இல் ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த பலர் கம்பெனிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். பில் ஹில்ச்கனம் என்ற பூர்வகுடிக்காரர் எழுதிக் கொடுத்த பத்திரம் அதில் பிரசித்தம். ரயில் வந்தால் எங்களுக்குக் கிடைக்கும் நன்மையே கிரயம் என்று சொல்லி, 100 அடி அகலத்துக்கு வழி கொடுக்கிறது அது. பணம் பேச்சே இல்லை. ரயில் வரட்டும், அது போதும்.

ரயில் வந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. கம்பெனிகள் கைமாறின. 1996-இல், இனி இந்தப் பாதை கட்டுப்படியாகாது என்று கைகழுவ மனுப் போட்டார்கள். தகராறு அங்கே பிறந்தது.

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் 'வண்டிப்பாதை பாத்தியம்', 'நடைபாதை பாத்தியம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலம் என்னுடையது, ஆனால் உன் வண்டி அதன்வழியே போகலாம் என்று அர்த்தம். அமெரிக்க ரயில் கம்பெனிகளுக்குப் பல இடங்களில் கிடைத்தது இந்த மாதிரிப் பாத்தியம்தான். சில இடங்களில் முழுக் கிரயமாகவும் வாங்கினார்கள். பாத்தியம் என்றால் ரயில் நின்றதும் பாத்தியமும் போய்விடும். அடியில் இருக்கும் நிலம் அடுத்த வீட்டுக்காரனுக்கு முழுசாகத் திரும்பும். முழுக் கிரயம் என்றால் திரும்பாது. ஒரே பாதையில் இந்த மைலுக்கு ஒரு விதி, அடுத்த மைலுக்கு வேறு விதி! 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரத்தின் ஒவ்வொரு சொல்லையும் நீதிபதிகள் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. ஹில்ச்கனம் கொடுத்தது முழு உரிமை என்று 2002-இல் ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இது ஓர் ஏரிக்கரைச் சண்டை மட்டுமல்ல. 1916-இல் அமெரிக்காவில் 2,54,000 மைல் ரயில் பாதை இருந்தது. லாரியும் காரும் வந்ததும் சுருங்க ஆரம்பித்தது. தண்டவாளத்தைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கரையை உழுதார்கள், பாலத்தை இடித்தார்கள். சிகாகோ பக்கத்தில் இப்படிப் போகவிருந்த ஒரு பாதையைப் பார்த்து மே வாட்ஸ் என்ற இயற்கை ஆர்வலர் 1963-இல் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். புல்டோசர் வருவதற்குள் இதை நடைபாதையாக்குவோம் என்பது சாரம். இல்லினாய் ப்ரெய்ரி பாதை அப்படி உருவானது. விஸ்கான்சினில் எல்ராய்க்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே 32 மைல் பாதை, மூன்று குகைகளோடு, 1960களிலேயே சைக்கிள்காரர்களுக்குத் திறந்தது. இன்று நாடு முழுக்க இப்படி 24,000 மைலுக்கு மேல் இருக்கிறது.

ஒவ்வொரு இடத்திலும் பாத்தியத் தகராறு வந்தால் இத்தனை மைல் எப்படி மிஞ்சியது? 1983-இல் ரீகன் காலத்தில் வந்த ஒரு சட்டத் திருத்தம். கெட்டிக்காரத்தனமான திருத்தம், நான் ரசித்துப் படித்தேன். ரயில் கம்பெனி ஒரு பாதையைக் கைவிடப் போகிறது என்றால், ஓர் உள்ளாட்சியோ சங்கமோ முன்வந்து, வரி, பராமரிப்பு, விபத்துப் பொறுப்பு எல்லாம் எங்களுடையது, நாளைக்கே ரயில் திரும்ப வேண்டுமென்றால் கொடுத்துவிடுகிறோம் என்று எழுதிக் கொடுக்கலாம். கம்பெனியும் சம்மதித்தால், சட்டத்தின் கண்ணில் அந்தப் பாதை கைவிடப்படவே இல்லை. ரயில் ஓய்வில் இருக்கிறது, அவ்வளவுதான். பாத்தியம் சாகாது, நிலம் திரும்பாது, நடுவில் மக்கள் நடக்கலாம். 'ரயில் பேங்கிங்' என்கிறார்கள். சம்மாமிஷ் ஏரிப் பாதை இப்படித்தான் 1998-இல் கிங் கவுண்டி என்ற உள்ளூர் அரசின் கைக்கு வந்தது.

சட்டம் கெட்டிக்காரத்தனமானது என்பது பாதையில் நடப்பவன் பார்வை. பாதையோரத்தில் குடியிருப்பவனுக்கு?

நடக்கும்போது ஒரு பெரியவர் பழக்கமானார். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ரயில் ஓடிய காலத்திலிருந்தே அங்கு வீடு. வீடு பாதைக்கு மேல் பக்கம், படகுத்துறை கீழ்ப் பக்கம். நடுவில் பாதை. காப்பிக் கோப்பையோடு தன் தண்ணீரைப் பார்க்கப் போக அவர் ஊராரின் வழியைக் குறுக்கே கடக்க வேண்டும். 12 அடித் தார், இருபுறமும் 2 அடிச் சரளை, அப்புறம் வேலி, வேலியில் ஒரு சின்னக் கேட், கேட்டுக்கு அப்பால் மரப்படி. அந்தப் படியும் ரயில்வே நிலத்தில் இருப்பதால் கவுண்டியிடம் தனியே அனுமதி வாங்க வேண்டும். அவர் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பேச்சு ஆரம்பித்தது. நான் ரயில்வேக்காரன் என்றதும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"ரயில் இருந்தப்போ எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எப்போதாவது ஒரு கூட்ஸ் வரும், டிரைவர் கையை ஆட்டுவார், போய்விடுவார். இப்போது நாள் முழுக்க ஆள். ஞாயிற்றுக்கிழமை நான் என்ன சாப்பிடுகிறேன் என்பது இந்த ஊருக்கே தெரியும்."

வீடு வாங்கும்போதே பத்திரத்தில் ரயில்வே பாத்தியம் இருந்திருக்குமே என்று கேட்டேன். பி.டபிள்யூ.ஐ. புத்தி.

"இருந்தது. ரயில் என்றுதானே எழுதியிருந்தது? சைக்கிள் என்று எழுதவில்லையே."

வக்கீல்கள் கட்டுக் கட்டாக எழுதும் வாதம் இதுதான். இதைச் சொன்னவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் நகரத்து ஒரு தம்பதி இதே வாதத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் வீட்டு வழியே போன தண்டவாளத்தை 1975-இலேயே எடுத்துவிட்டார்கள். பிறகு அங்கே 8 அடி அகலத்துக்கு சைக்கிள் பாதை வந்தது. வெயில் நாளில் மணிக்கு 200 பேர் வரை அவர்கள் நிலத்தின் வழியே போனார்கள் என்று தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1990-இல் உச்ச நீதிமன்றம் 1983-ஆம் வருடச் சட்டம் செல்லும், நஷ்டம் இருந்தால் மத்திய அரசிடம் ஈடு கேளுங்கள் என்றது. கேட்டார்கள். 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது நிலத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம், அரசு பணம் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. பாதை இருக்கட்டும், பணத்தைக் கொடு! எனக்கு இந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான் சரியாகப் படுகிறது. ஊருக்கு ஒரு பாதை வேண்டுமென்றால் அதன் செலவை ஊர் ஏற்க வேண்டும், ஒரு வீட்டுக்காரன் தலையில் கட்டக்கூடாது. அதேபோல், ஒரு வீட்டுக்காரனுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக 11 மைலை நடுவில் வெட்டவும் கூடாது. ஒரே ஓர் இடத்தில் வெட்டினாலும் மிச்சமிருப்பது இரண்டு முட்டுச்சந்துகள்.

எல்லாத் தீர்ப்பும் பாதைக்கு சாதகமாக இல்லை. 1875-ஆம் வருடச் சட்டப்படி அரசு நிலத்தில் போட்ட ஒரு ரயில் வயோமிங்கில் நின்றபோது, நிலம் அரசுக்குத் திரும்பாது, இப்போதைய சொந்தக்காரருக்குத்தான் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று சொல்லிவிட்டது. அங்கே ரயில் பேங்கிங் செய்யாமல் பாதையைக் கைவிட்டிருந்தார்கள். அந்த ஒரு காகிதம் இல்லாததால் வந்த வித்தியாசம்.

சம்மாமிஷ் ஏரியில் காகிதம் இருந்தது. இருந்தும் பாதை முழுசாகத் தார் காண கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு ஆனது. 2006-இல் முதலில் சரளை போட்டுத் திறந்தார்கள். அப்புறம் ரெட்மண்ட் முனை, இசக்குவா முனை என்று துண்டு துண்டாகத் தார் வந்தது. நடுப்பகுதியில் வீடுகள் நெருக்கம், வழக்குகளும் நெருக்கம். மரம் வெட்டுவது, வேலி, வீட்டுக்குப் போகும் வழி குறுக்கே வரும் இடத்தில் யார் நின்று யாருக்கு வழிவிடுவது, எல்லாமே பிரச்சினை. ஏரிக்கு வரும் ஓடைகளில் கொகனி என்ற ஒரு வகை சால்மன் மீன் ஏறி முட்டையிடும். அதற்கு வசதியாகப் பழைய கல்வெர்ட்டுகளையும் மாற்றினார்கள். ரயில்வேக்காரர்கள் அந்தக் காலத்தில் மீனைப் பற்றி யோசித்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுண்டி பக்கம் தீர்ப்பளித்தது. ரயில் கம்பெனிக்கு இருந்த பாத்தியமும் கவுண்டிக்கு வந்துவிட்டது, அகலமும் அந்த அகலம்தான் என்று. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் வீட்டுக்காரர்களின் மனுவை விசாரணைக்கே எடுக்கவில்லை. பெரியவரின் கேள்விக்கான பதில் அது. ரயில் என்றுதான் எழுதியிருக்கிறது, ரயில் இன்னும் சாகவில்லை.

வீட்டுக்காரர்களின் மற்ற பயங்கள், திருட்டு, வீட்டு விலை சரிவு, இவற்றுக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. அதே பழைய கம்பெனியின் இன்னொரு துண்டு சியாட்டில் நகருக்குள் 1971-இல் கைவிடப்பட்டு, 1978-இல் பர்க்-கில்மன் பாதையாகத் திறந்தது. அன்றைக்கும் ஓரத்து வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள். 1987-இல் நகர இன்ஜினியரிங் துறை விசாரித்துப் பார்த்தது. போலீஸ்காரர்களைக் கேட்டது, வீட்டு புரோக்கர்களைக் கேட்டது. திருட்டு கூடவில்லை. பாதையை ஒட்டிய வீடுகளின் விலையில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி இருந்த வீடுகள் சராசரி 6 சதவீதம் கூடுதலாக விலைபோயின. கவனித்தீர்களா? லாபம் தள்ளி இருப்பவனுக்கு, ஜன்னலை மூடிக்கொள்ள வேண்டியது ஒட்டி இருப்பவன். என் மகள் வீடு தள்ளி இருக்கும் ரகம். வாங்கும்போது புரோக்கர் கொடுத்த தாளில் ஏரிப் பாதை பக்கத்தில் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம்.

ரயில் சாகவில்லை, ஓய்வெடுக்கிறது என்பது சட்டத்தின் சாமர்த்தியம் மட்டும்தானா? இங்கே சில இடங்களில் இப்படி பேங்கிங் செய்த பாதையில் ரயில் திரும்பியும் இருக்கிறது. நான் இதை நம்ப வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. நான் சின்ன வயதில் வேலை கற்ற செக்‌ஷன் மதுரை–போடி மீட்டர்கேஜ். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாயில் டிராலியில் உட்கார்ந்து வந்தால் தண்டவாளத்தைச் சோதிக்கும் கீமேன் ஒருவர், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டின் போல்ட்டைத் தட்டிக்கொண்டே எதிரில் நடந்து வருவார். 1928-இல் திறந்த அந்தப் பாதையின் தண்டவாளத்தை உலகப் போர்க் காலத்தில் பிடுங்கிக்கொண்டு போனார்கள், 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக மறுபடி நிறுத்தினார்கள். ஊரில் எல்லாரும் இனி ரயில் வராது என்றார்கள். 2022-இல் தேனிக்கு வந்தது, 2023-இல் போடிக்கு. 90 கிலோமீட்டரும் ரயில்வே கையில் தொடர்ச்சியாக இருந்ததால்தான் அது முடிந்தது. நடுவில் ஓர் ஊரில் நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தால்?

பெரியவரிடம் போடி கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் என் வீட்டு முன்னால் திரும்ப ரயில் வரும் என்கிறீர்களா?" வரலாம் என்றேன். "வந்தால் நல்லது. டிரைவர் கையாவது ஆட்டுவார்."

ஏரிக்கு மேற்கே பெல்வியூ, கிர்க்லாண்ட் ஊர்கள் வழியே போன இன்னொரு பழைய பாதையையும் இப்போது ஈஸ்ட்ரெயில் என்ற பெயரில் நடைபாதையாக்கி வருகிறார்கள். அங்கேயும் ஓரத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மத்திய அரசு 11 கோடி டாலர் அளவில் ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. அப்புறம் வக்கீல்களுக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு வழக்கு நடந்து அதுவும் மேல்முறையீடு வரை போனது. எனக்கு அதில் ஆர்வமில்லை. அந்தப் பாதையில் வில்பர்ட்டன் என்ற இடத்தில் 1904-இல் கட்டிய ஒரு மரப் பாலம் இருக்கிறது. 975 அடி நீளம், 102 அடி உயரம், முழுக்க முழுக்க மரக்கால்கள். கூட்ஸ் ஏறி இறங்கிய அந்தப் பாலத்தில் ஆள் நடக்கத் தளம் போடுகிற வேலையை எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு காலையும் எப்படிச் சோதித்தார்கள், உள்ளே உளுத்திருப்பதை எதைக் கொண்டு கண்டுபிடித்தார்கள், சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டார்களா, துளை போட்டுப் பார்த்தார்களா என்று மருமகனைக் கேட்டேன். அவர் கம்ப்யூட்டர்காரர், பாவம். "திறந்ததும் கூட்டிட்டுப் போறேன் மாமா, நீங்களே கேட்டுக்குங்க" என்றார். அதுவரை என் விசா தாங்க வேண்டும்.